மஞ்சளாகிப் போனவனை மாற்றித் தர மாட்டேன்

எங்கள் வீட்டு மஞ்சள் மீனைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் கடைக்காரர் கேட்டாலும் சரி, மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பெரிய மனிதர்கள் கும்பிட்டுக் கேட்டாலும் சரி.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் இருபது வருசமாகத் தரம் பிரிக்கிறேன். மலையிலிருந்து இறங்கும் மூட்டையில் ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டினால், இது குரங்கணிப் பக்கத்துக் காய், இது அதற்கும் மேலே என்று சொல்லிவிடுவேன். பாதி ஊகம்தான். சத்தமாகச் சொல்வதால் யாரும் மறுப்பதில்லை. இந்தக் கண்ணை நம்பித்தான் தேனியில் ஒரு வண்ணமீன் கடையில் எட்டு சிக்லிட் மீன்குஞ்சுகள் வாங்கினேன். நீல உடம்பு, கறுப்புப் பட்டை.

"எட்டும் ஒரே ரகம்தானே?"

"ஒரே ரகம்ணே. கண்ண மூடிக்கிட்டுக் கொண்டு போங்க" என்றார் கடைக்காரர். அப்படித்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

சில மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு எட்டில் பெரியது வெளுக்க ஆரம்பித்தது. நீலம் போய், சாம்பல் போய், எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்து நின்றது. ஏலக்காய்க்காரனுக்கு மஞ்சள் என்றாலே நஷ்டம். வெளிச்சம் பட்டால் காயின் பச்சை போய்விடும். அதனால்தான் சாக்குக்குள் கறுப்புத் தாள் போட்டுக் கட்டுகிறோம். மீனுக்கும் அதே நோய்தான் என்று முடிவுகட்டி, கடையிலிருந்து கறுப்புத் தாளைக் கொண்டுவந்து தொட்டியை நாலு பக்கமும் சுற்றினேன்.

"ஏங்க, மீனு என்ன துணியா மாத்துது, மறைப்புக் கட்டியிருக்கீங்க?" என்றாள் மனைவி.

ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் மஞ்சள் இன்னும் ஏறியிருந்தது. சரி, இது வெளுப்பில்லை, கலப்படம். கடைக்காரர் வேறு ரகத்தைக் கலந்து கொடுத்துவிட்டார். கலப்படத்துக்கு என்னிடம் மருந்து இருக்கிறது: பிரிப்பது. பக்கத்துத் தொட்டியில் நாலு எல்லோ லேப் இருந்தன, பெயருக்கேற்ற மஞ்சள், சாதுவான மீன்கள். இவனைத் தூக்கி அங்கே போட்டேன். மஞ்சள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். தூரத்தில் நின்று பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தால் நாலு லேப்பும் ஒரே மூலையில் ஒட்டிக்கிடந்தன. வால் எல்லாம் கந்தல். இவன் நடுவில் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தான். அதைவிடப் பெரிய இடி நீலத் தொட்டியில். மனைவி கண்ணாடியில் விரல் வைத்தால் ஓடிவரும் ஒரு நீலம் உண்டு, அவளுடைய செல்லம். அது கல்லுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. தொண்டை வீங்கியிருந்தது. தீனி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பதறிப்போய் இரண்டையும் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். மஞ்சளைப் பார்த்து ஒருவர் எல்லோ லேப் என்றார். ஒருவர் கலப்பினம், அழித்துவிடுங்கள் என்றார். நீலத்துக்கு எல்லோரும் ஒரே குரலில் தொற்று, உடனே மருந்து என்றார்கள். கடைக்காரருக்குப் போன் போட்டேன். "மஞ்சக்காரன் ரவுடிண்ணே. வெரசா கொண்டாங்க, மாத்தித் தர்றேன். அந்த நீலம் தேறாது."

தேறாது என்றதும் அலமாரிக்கு ஓடினேன். மருந்து பாட்டிலைத் திறந்தேன். எத்தனை சொட்டு என்று படிக்க மூக்குக்கண்ணாடி கையில் இல்லை. குத்துமதிப்பாக ஊற்றப் போனேன். மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க. அது திங்கல. ஆனா மெல்லுது பாருங்க."

பார்த்தேன். வாயில் ஒன்றுமில்லாமல் மென்றுகொண்டிருந்தது. காயில் பூச்சி அரிப்புப் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, டார்ச் அடித்து, மூக்கைத் தொட்டியில் ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு நொடி வாய் திறந்தது. உள்ளே வெளிர்மஞ்சள் உருண்டைகள். சில சிக்லிட்கள் முட்டையை வாயில் வைத்துக் காக்கும், அந்த நாட்களில் சாப்பிடாது என்று கடைக்காரரே வாங்கும்போது சொன்னார். நான் விலையில் கவனமாக இருந்தேன்.

"தண்ணிக்குள்ளயே கெடக்குறவ முழுகாம இருக்கா. அவளுக்கு மருந்து ஊத்தப் பாத்தீங்க. மறைப்புக் கட்டிக் கொடுத்ததும் நீங்கதான்!"

பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன், இருபது வருசத்தில் முதல்முறையாக நிறத்தை விட்டுவிட்டு. லேப்புக்கு முதுகுத் துடுப்பில் தலை முதல் வால்வரை அழுத்தமான கறுப்புக் கோடு. இவனுக்கு அது இல்லை. மஞ்சளுக்கு அடியில் பழைய பட்டைகள் நிழலாகத் தெரிந்தன. அடித்துடுப்பில் முட்டை மாதிரிப் புள்ளி. இணையத்தில் படங்களோடு ஒப்பிட்டேன்: இவன் கென்யி என்ற ரகம். குஞ்சில் எல்லாம் நீலம். பெண் கடைசிவரை நீலம். ஆண் வயசுக்கு வந்தால் மஞ்சள். நான் புருசனையும் பெண்டாட்டியையும் இரண்டு தரமாகப் பிரித்திருக்கிறேன்!

சந்தேகம் வந்ததும் மிச்ச நீலங்களையும் உற்றுப் பார்த்தேன். இரண்டுக்குப் பட்டை மையிட்டது போல எப்போதும் கறுப்பு, துடுப்பிலும் கறுப்பு. மற்றவற்றின் பட்டை, பயந்தால் மங்கும், கோபம் வந்தால் ஏறும். அந்த இரண்டும் டெமசோனி, வேறே ரகம். வேறானதை ஒன்று என்று வைத்திருந்தேன். ஒன்றானதை வேறென்று பிரித்தேன். இந்தக் கண்ணை நம்பித்தான் ஊர் ஏலக்காய் விற்கிறது.

குழுவில் எழுதினேன். கென்யி முரடு, குஞ்சு எடுக்காதீர்கள், அந்த ஆணை அகற்றுங்கள் என்று அறிவுரை வந்தது. கடைக்காரரும் விடவில்லை. "எதுக்குண்ணே வம்பு? கொண்டாங்க." அவனை நான் தப்பாகப் பார்த்ததற்கு அவன் ஏன் வீட்டைவிட்டுப் போக வேண்டும்? "கொண்டு வரமாட்டேன்யா" என்று சொல்லிவிட்டு, குழுவிலிருந்தும் வெளியே வந்தேன்.

நீலத் தொட்டியின் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு பக்கம் அவனை விட்டேன். முட்டை சுமந்தவள் பக்கம் கறுப்புத் தாளைத் திரும்பக் கட்டினேன், இந்த முறை தெரிந்தே. மூன்று வாரம் அவள் ஒரு வாய் தின்னவில்லை. வயிறு ஒட்டிப்போனது. தினமும் நான்தான் செத்துப் பிழைத்தேன். இரண்டு முறை மருந்து பாட்டில் வரைக்கும் போனேன். மனைவி அதை எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லிடுக்கில் தூசி மாதிரி ஏதோ அசைந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கண் இருந்தது, வால் இருந்தது. அவள் தீனிக்கு ஓடிவந்தாள்.

லோடு இறக்க வரும் ஜீப்புக்கார நண்பன் குஞ்சுகளைப் பார்க்க வந்தான். "மாப்ளே, நீதான் பெரிய தரக்காரனாச்சே. இதுல ஆணு எத்தன, பொண்ணு எத்தன? பிரிச்சுச் சொல்லு."

எல்லாம் ஒரே மங்கல் நீலம். சும்மா ஒரு எண்ணைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

"பிரிக்க மாட்டேன்டா. அதுகளா சொல்லட்டும்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மஞ்சள்காரன் என் விரலைப் பார்த்து முட்ட வந்தான். முட்டட்டும்.