வாடை வராத போதை

காரைக்காலில் பிறந்தவர்களுக்குக் குடி புதிதல்ல. விலை குறைவு என்று பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. பையன் வீட்டுக்குள் நுழைந்தால் வாடை வருகிறதா என்று பார்ப்பது எங்கள் பக்கத்து அம்மாக்களின் வழக்கம். என் தம்பியிடம் ஒருநாளும் வாடை வந்ததில்லை. அம்மாவுக்கு அதில் பெருமைகூட உண்டு.

எங்களுடையது நெல் விவசாயக் குடும்பம். நான் கல்யாணமாகித் தருமபுரத்துக்கு வந்துவிட்டேன். அரசு அலுவலகத்தில் வேலை. தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு மண்டபத்தூரில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். இன்ஜின்களைத் தூக்கி இறக்கித் தோள்பட்டையில் வலி வந்தது. பட்டறைக்கு வந்துபோகிற ஒருவன் வலி மாத்திரை கொடுத்தான். அவன் எங்கள் பக்கத்துத் தெருக்காரன். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மாத்திரை அது. வலி போன பிறகும் தம்பியால் அதை விட முடியவில்லை. விழுங்கிக்கொண்டிருந்தவன் எப்போது ஊசிக்கு மாறினான் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துவிட அம்மா கூப்பிட்டபோது முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றான். அம்மா விளையாட்டாகக் கையைப் பிடித்து இழுத்து மடித்துவிட்டாள். முழங்கை மடிப்பில் ஆறாத புண், சுற்றிலும் கறுப்புத் தழும்புகள்.

"என்னடா இது?"

"இன்ஜின் சூடு பட்டுருச்சும்மா."

அம்மா நம்பவில்லை. எனக்குப் போன் செய்தாள். நான் போனபோது தம்பி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். திரும்பாமலே சொன்னான்: "விட முடியலக்கா. காலையில எந்திரிச்சா எலும்பெல்லாம் முறியிற மாதிரி இருக்கு. அதப் போட்டாத்தான் கை நடுங்காம ஸ்பேனர் புடிக்க முடியுது."

யார் கொடுக்கிறார்கள் என்பதையும் அன்றைக்கே சொன்னான். போலீசுக்குப் போகலாம் என்றேன். அம்மா விடவில்லை. "அவனப் புடிச்சா இவனையும்தான் கூட்டிட்டுப் போவாங்க. வெளிய தெரிஞ்சா அவ்வளவுதான்." அப்பாவுக்குத் தெரிந்தால் அரிவாளை எடுத்துவிடுவார் என்று, கொடுத்தவன் யார் என்பதை மட்டும் அவரிடம் மறைத்தாள்.

டாக்டரிடம் காட்டி, அவர் எழுதிக்கொடுத்தபடி தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். தெருவில் சிங்கப்பூருக்குப் போயிருக்கிறான் என்று சொன்னாள் அம்மா. சில மாதங்கள் கழித்து அவன் கொஞ்சம் சதை போட்டுத் திரும்பி வந்ததும், என்ன வாங்கி வந்தான் என்று பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா டவுனில் ஃபாரின் சாமான் விற்கும் கடைக்குப் போய் சோப்பும் தைலமும் வாங்கிவந்து வீடுவீடாகக் கொடுத்தாள்.

"எதுக்கும்மா இந்த நாடகம்?" என்றான் தம்பி. "உண்மையச் சொன்னா மத்தவங்களாச்சும் அவங்க புள்ளைங்களப் பாத்துப்பாங்க."

"உனக்குப் பொண்ணு பாக்க வேணாமா?" என்றாள் அம்மா.

பட்டறைக்குப் போக வேண்டாம் என்று அப்பாவோடு வயலுக்குப் போனான். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான். மூஞ்சியில் பழைய களை வந்தது. அப்போதுதான் மாத்திரை கொடுத்த அந்த ஆள் பைக்கில் வயலுக்கே வந்தான். "தம்பிய ரொம்ப நாளா காணோமேன்னு பாக்க வந்தேன் மாமா" என்றானாம். தெரிந்த வீட்டுப் பிள்ளை விசாரிக்க வந்திருக்கிறான் என்று அப்பா சந்தோஷப்பட்டு, தம்பி இருந்த மோட்டார் கொட்டகையைக் கைகாட்டியிருக்கிறார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம், சாப்பிடக் கூப்பிடப் போன அப்பா அவனை அந்தக் கொட்டகைக்குள் பார்த்தார். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. விட்டுப் பழகிய உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பிரேதப் பரிசோதனை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். "நெஞ்சு வலின்னே சொல்லிடுவோம்" என்று எங்கள் தாய்மாமா முடிவு செய்து, வருகிறவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண்மணி, "இந்த வயசுல நெஞ்சு வலியா?" என்று கேட்டார். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"நெஞ்சு வலி இல்ல. ஊசி போட்டுச் செத்தான். சிங்கப்பூருக்கும் போவல, போதைய விட வைக்கிற எடத்துல இருந்தான். நாந்தான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

மாமா அவள் தோளைப் பிடித்தார். அம்மா தட்டிவிட்டாள். "கொடுத்தவன் இங்கதான் நிக்கிறான்."

பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றிருந்தவனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் கொட்டகையைக் காட்டிய தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்ததும் புகார் கொடுத்தோம். அவனைப் பிடித்தார்கள். சில மாதங்களில் ஜாமீனில் வந்துவிட்டான். அவனுக்கு மாத்திரை எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்னும் பதில் இல்லை. பட்டறைப் பக்கம் இப்போது வேறொருவன் வந்துபோவதாகச் சொல்கிறார்கள்.

ஒரு கல்லூரியில் போதை ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு எங்களை அழைத்தார்கள். பேனர், உறுதிமொழி, பேச்சுகள் எல்லாம் முடிந்து கடைசியாக அம்மா எழுந்தாள். அதுவரை மைக் பிடித்ததில்லை.

"போதை கெட்டதுன்னு எம்புள்ளைக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் பெத்தவங்களுக்குத்தான் சொல்ல வந்தேன். வீட்டுல இப்படி ஆச்சுன்னா மூடி வைக்காதீங்க. நான் மூடி வச்சதாலதான் கொடுத்தவன் தைரியமா வயலுக்கே வந்தான். ஊருக்குத் தெரிஞ்சிருந்தா, யாராவது ஒருத்தராச்சும் அவன வழியிலயே வெரட்டியிருப்பாங்க."

மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். வெளியே வந்ததும் தலத்தெருவைச் சேர்ந்த ஒரு பெண் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, தம்பியைச் சேர்த்திருந்த மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். "எம்மவன் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். அவங்கப்பாவுக்குத் தெரியாதுங்க."

"மொதல்ல அவருகிட்டச் சொல்லுங்க" என்றாள் அம்மா. "அப்புறம் நாங்களே கூட வர்றோம்."

போனோம். அந்தப் பையன் இப்போது அங்கே இருக்கிறான். தேறி வருவானா என்று எங்களால் சொல்ல முடியாது. அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். கூட்டங்களுக்கு அவர் வருவதில்லை. அம்மா கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசுகிறாள். எங்கள் தெருவில் சில வீடுகளில் மட்டும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். போன மாதம் எதிர்வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்தது. அம்மாவை அழைக்கவில்லை.