பேர் வெட்டிய சேதி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. இலங்கையில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்ததோடு சரி, அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். கோணல்மாணலாக இருக்கும். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லியிருப்பேன். மறதி வேறு சேர்ந்துகொண்டது. தேவாலாப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களும், என்னைப்போல மகன் வீடு மகள் வீடு என்று வெளிநாட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இப்போது இருப்பது அயர்லாந்து. என் மகள் விஜயா இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அவள் முதுகு போய்விட்டது. ஆபரேஷன் ஆகிப் படுத்தபடி என்னை வரவழைத்தாள். மருமகனுக்கும் ஷிப்ட் வேலை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் வந்த அன்று கார் ஒரு தெருவுக்குள் திரும்பும்போது மருமகன், "அத்தை, இதுதான் நம்ம எஸ்டேட்" என்றார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு தேயிலைச் செடி இல்லை. ஒரே மாதிரி வீடுகள், ஒட்டி ஒட்டி, வரிசையாக. நம் தோட்டத்தில் ஆட்களுக்குக் கட்டிய லயத்துக்கு மாடி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. இங்கே வீடுகளைக் கூட்டமாகக் கட்டிய இடத்துக்குத்தான் எஸ்டேட் என்று பேராம். பக்கத்து வீட்டில் மேரி என்று ஒரு அம்மா தனியாக இருக்கிறார். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னவோ கேட்டார். எந்த ஊர் என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஐ, எஸ்டேட்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தன் நெஞ்சைத் தொட்டு, "எஸ்டேட்" என்றார். பிறகு தெருவில் உள்ள வீட்டையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டி எஸ்டேட், எஸ்டேட் என்றார். நான் எங்கிருந்து வந்தேன் என்று அவருக்குத் தெரியவே இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஜாதி ஆள் என்பதுபோல அன்றையிலிருந்து கையசைக்க ஆரம்பித்தார்.

அவருக்கு என்மேல் ஒரு கவலையும் இருந்தது. மழை பெய்யும்போது நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து படிமேல் ஏறி நிற்பேன். வீட்டுக்குள்ளேயே நன்றாகக் கேட்கும் என்று விஜயா படுக்கையில் இருந்தே கத்துவாள். உள்ளே நின்று பேச எனக்கு வராது. எங்கள் லயத்தில் போன் எடுக்க வேண்டும் என்றால் பாறை ஏற வேண்டும். அதற்கு டவர் பாறை என்றே பேர். நனைந்துகொண்டு மேட்டில் நின்று பேசினால்தான் பேச்சு போய்ச் சேரும் என்று என் உடம்புக்குப் பழகிவிட்டது. மேரியம்மா குடை கொண்டுவந்து என் தலைக்குமேல் பிடிப்பார். நான் கூச்சப்பட்டு உள்ளே ஓடிவிடுவேன்.

நான் பேசுவது பாக்கியத்தோடு. அவள் எனக்குச் சொந்தம் கிடையாது. பக்கத்து நிரைக்காரி. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்க ஆளுக்கு ஒரு வரிசை பிரித்துவிடுவார்கள், அதுதான் நிரை. சின்னப் பிள்ளைகளாக ஒரே கப்பலில் இலங்கையிலிருந்து வந்தோம், மண்டபத்தில் ஒரே முகாமில் கிடந்தோம், கூடலூருக்குப் பக்கத்தில் தேவாலா எஸ்டேட்டில் அடுத்தடுத்த நிரையில் நின்றோம். நிரையில் நிற்கும்போது முகம் பார்த்துப் பேச முடியாது. கண் செடியில் இருக்கும், கை தானாக ஓடும், குரல் மட்டும் பக்கத்தில் வரும். அப்படியே பேசிக் கிழவியாகிவிட்டோம். அதனாலேதான் வாட்ஸ்அப்பில் குரலை மட்டும் அனுப்புவது எங்களுக்கு ஒத்துப்போனது. வீடியோவில் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் வெட்கமாக இருக்கும்.

அவளிடம் அந்த மாதிரிப் போன் இல்லை. மருமகள் சுமதியின் போனில்தான் பேசுவாள். சுமதி மேட்டுப்பாளையத்துப் பெண், கூடலூரில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள், எஸ்டேட் வேலை தெரியாது. நான் கிளம்புமுன் அவள்தான் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "பெரியம்மா, ஒரு டிக் விழுந்தா அனுப்பியாச்சுங்க. ரெண்டு டிக் விழுந்தா இங்க வந்தாச்சுங்க. நீலமாச்சுன்னா அத்தை கேட்டாச்சுன்னு வெச்சுக்குங்க." டிக் என்று எங்கள் வாயில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போடுகிற சரி மாதிரி இருந்ததால், ஒரு சரி, இரண்டு சரி, நீலச் சரி என்று நாங்கள் பேர் வைத்துக்கொண்டோம்.

அவள் முதல்முதலில் அனுப்பியது இப்போதும் போனில் இருக்கிறது. காற்று இரைச்சல், மேல்மூச்சு, அதற்குப் பிறகு அவள் குரல். "ஏண்டி செல்லம்மா, நான் பாக்கியம் பேசுறேன். பாறை மேல நிக்கிறேன். நீ போன நாள்ல இருந்து மழை. போகும்போது இந்த மழையையும் கட்டிக்கிட்டுப் போயிருவன்னு பாத்தா, விட்டுட்டுப் போயிட்ட. ஆமா, அங்க தொரைமாரெல்லாம் தொப்பி போட்டுக்கிட்டுத்தான் திரியுறாங்களா?"

"தொரையும் இல்ல, தொப்பியும் இல்லடி. எல்லாரும் அவங்கவங்க கக்கூச அவங்கவங்களே கழுவுறாங்க" என்று அனுப்பினேன்.

"அப்ப அது நல்ல ஊருதான்" என்று பதில் வந்தது.

அவளுக்கு ஒரே ஒரு பயம், பேர் போய்விடுமோ என்று. எஸ்டேட்காரர்களுக்குப் பேர் என்றால் செக்ரோலில், அதாவது வேலையாள் கணக்குப் புத்தகத்தில், இருக்கிற பேர். காலையில் ஆள் எண்ணுகிற பிரட்டுக்குப் போய் நின்றால் கணக்கர் பேர் போடுவார், பேர் விழுந்தால் அன்றைக்குச் சம்பளம். பேரை வெட்டினால் வேலை போச்சு, லயத்தில் குடியிருக்கிற காம்பராவும் போச்சு. எனக்கு வயசு முடிந்தது என்று முன்னாலேயே வெட்டிவிட்டார்கள். விஜயா தேவாலா பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு வாங்கிக் கொடுத்ததால் தெருவில் நிற்கவில்லை. பாக்கியத்துக்கு ஏதோ ஒரு சீட்டில் வயசைக் குறைத்து எழுதியிருந்தது, அதனால் அவள் பேர் தப்பித்துக் கிடந்தது. இதற்கிடையில் தேயிலைக்கு விலையே இல்லாமல் போனது. பேக்டரியை மூடினார்கள். ஒருநாள் வேலை, ஒருநாள் இல்லை என்றார்கள். மருந்தடிக்கவும் ஆளில்லை, கவாத்து வெட்டவும் ஆளில்லை. "நம்ம நிரையப் பாத்தீனா அழுதுருவ" என்று ஒரு தடவை சொன்னாள். "செடி எல்லாம் ஆள் உசரம் போயிருச்சு. பறிக்காம விட்டா அது மரம்டி. நாமதான் இத்தன வருசமா செடியா வச்சிருந்திருக்கோம்." கடைசியில் சொன்னாள்: "நான் பேரோடதான் சாவேன், பாத்துக்க."

பிறகு அவள் குரல் வருவது நின்றது. நான் அனுப்பியதற்கெல்லாம் இரண்டு சரி விழுந்தது, நீலம் ஆகவில்லை. மழையில் பாறை வழுக்கும், ஏறியிருக்கமாட்டாள் என்று நினைத்தேன். விஜயாவைக் கேட்டேன். "அங்க கரெண்ட் இருக்காதும்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த நாட்களில்தான் சுமதியின் பேருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வட்டத்தில் பாக்கியத்தின் முகம் வந்தது. நீலப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. மாமியாரைப் போனில் வைத்துக்கொள்கிற மருமகள் எத்தனை பேருக்குக் கிடைப்பாள் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் சுமதியிடமிருந்து எழுத்தில் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "பெரியம்மா, நேத்து கூடலூர் ஆபீசுக்குப் போயி அத்தை பேரை வெட்டியாச்சுங்க. இனி அலையற வேலை இல்லைங்க." அதே நேரத்தில் நான் அனுப்பி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக நீலமாக மாறியது.

கூடலூரில்தான் எங்கள் எஸ்டேட்டின் பெரிய ஆபீசும் இருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வெட்டிவிட்டார்கள், அந்தத் துக்கத்தில்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். உடனே வாசலுக்கு வந்து படிமேல் ஏறி நின்று பேசினேன். "பாக்கியம், கேக்குதா? அழாத. பேர் போனா போகுது. பேர் என்னா, சோறு போடுற பேரா இப்ப அது? காம்பராவ விடச் சொன்னா விட்டுரு. என் வீட்டுச் சாவி உங்கிட்டத்தான இருக்கு, அங்க வந்து இருந்துக்க. நீ இருக்கியே, எனக்கு அது போதும்." கொஞ்ச நேரத்தில் நீலச் சரி விழுந்தது. கேட்டுவிட்டாள் என்று நிம்மதியாக உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். விஜயாவின் போன் அடித்தது. அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அதற்குப் பிறகும் பதில் இல்லை. இரண்டொரு நாள் கழித்து, வட்டத்தில் இருந்த அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விரல் பட்டுவிட்டது. வட்டம் பெரிய சதுரமாக விரிந்தது. வட்டத்துக்குள் வராமல் வெட்டுப்பட்டிருந்த பாகமெல்லாம் தெரிந்தது. படத்தைச் சுற்றி மாலை. அடியில் இரண்டு பக்கமும் எழுத்து. இடது பக்கம் தோ, ற், ற, ம் என்று கூட்டினேன். வலது பக்கம் ம என்றேன், றை என்றேன். மூன்றாவது எழுத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அது நடக்காமல் போய்விடும்போல இருந்தது.

சுமதி வெட்டியது ரேஷன் கார்டில் இருந்த பேரை. கூடலூர் தாலுகா ஆபீசில். சமவெளியில் பிறந்த கீழ்நாட்டுப் பெண்ணுக்குப் பேர் என்றால் அது. எனக்குப் பேர் என்றால் செக்ரோல். ஒரே தமிழில்தான் அவள் எழுதினாள், ஒரே தமிழில்தான் நான் படித்தேன்.

விஜயாவிடம் போனை நீட்டினேன். அவள் பார்த்தாள், அழுதாள். "காய்ச்சல்லதாம்மா. ரெண்டே நாள். சுமதி அன்னைக்கே சொல்லிட்டா. நான்தான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்னேன்."

"ஏன் சொல்லல?"

"நீ கெளம்பிருவேன்னு பயமா இருந்துச்சு. என்னால எந்திரிச்சு ஒரு தண்ணி குடிக்க முடியாது, உனக்குத் தெரியும்ல."

அவள் சொன்னதும் உண்மைதான். தெரிந்திருந்தால் நான் கிளம்பியிருப்பேன். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன், முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரியாக வைத்தேன். பிள்ளையைக் கோபித்துக்கொள்ளவும் வரவில்லை, அழவும் வரவில்லை. எழவு என்றால் நாலு பேர் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தால்தானே கண்ணீர் வரும். இந்த எஸ்டேட்டில் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் மேரியம்மா வந்தார். மருமகன் சொல்லியிருப்பார்போல. கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார், ஒரு டப்பா தேயிலை கொண்டுவந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அதில் சாரியும் ட்ரபுளும் மட்டும் பிடிபட்டது. தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்து, "நோ ட்ரபுள், நோ ட்ரபுள்" என்று சிரிக்க முயற்சி பண்ணினேன். அவர் கையை விடவில்லை. பிறகு விஜயா சொன்னாள், இந்த ஊரில் எழவு கேட்கிற வார்த்தையே அதுதானாம், உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்று அர்த்தமாம். எனக்கு எழவு கேட்க ஒரு ஆள் வந்திருக்கிறார், நான் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்திருக்கிறேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சுமதியோடு பேசினேன். "விஜயாக்கா சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சுட்டேனுங்க பெரியம்மா. நீங்க பேசினதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடலைங்க, காலும் ஓடலைங்க. அப்பறம் அத்தை போட்டோவுக்கு முன்னால போனை வெச்சு, ஒருக்கா கேக்க வெச்சேனுங்க." பிறகு, "ஊட்டுச் சாவி பத்திரமா இருக்குதுங்க" என்றாள். அந்த நீலச் சரி அப்படி விழுந்தது. பாக்கியத்தின் பேர் செக்ரோலில் இன்னும் இருக்கிறதாம், வெட்ட வேண்டிய ஆபீசிலேயே ஆள் இல்லையாம். அவள் சொன்னபடி பேரோடுதான் போயிருக்கிறாள்.

போனை வைக்கும்போது சுமதி இன்னொன்றும் சொன்னாள். ரேஷன் கடையில் எல்லோரும் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம். வைக்காதவர்கள் பேரையும் வெட்டிவிடுவார்களாம். கொழுந்து பறித்துக் கறை ஏறித் தேய்ந்துபோன என் விரலில், நேரில் நின்றாலே மெஷினில் ரேகை விழாது. விஜயா எழுந்து நடக்கும்வரை நான் இங்கிருந்து அசைய முடியாது. இப்போதும் மழை பெய்தால் போனோடு படிமேல் ஏறி நிற்கிறேன். யாருக்குப் பேசுவது என்று தெரியாமல் நின்றுவிட்டு இறங்குகிறேன்.

இதில் தப்பு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். கப்பல் வந்த வருஷம் எனக்கு நிச்சயமில்லை. பாக்கியம் பிறந்த தோட்டம் அட்டன் பக்கமா நாவலப்பிட்டி பக்கமா என்பதும் மறந்துவிட்டது, கேட்கலாம் என்றால் அவள்தான் இல்லை. இன்னும் ஒன்று. தேவாலாவில் இருக்கிறவர்கள் யாராவது ரேஷன் கடைப் பக்கம் போனால், செல்லம்மா, பஜாருக்குப் பின்னால் இருக்கிற தனிக் கார்டு, அதில் என் பேர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எழுத வேண்டாம். இருந்தால் ஒரு சரி மட்டும் போட்டு அனுப்புங்கள்.