தண்ணீர் ஏறாத சனிக்கிழமை

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவளுக்கு ஸ்டியரிங் பிடித்துக் கை வலிப்பதைவிட, காத்துக் கிடந்து இடுப்பு வலிப்பதுதான் அதிகம். யாருக்காகவாவது வண்டியை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். துறைமுகத்தை ஒட்டிய எங்கள் பண்டமாரானில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது போதாதென்று, போன வருஷம் இன்னொரு காத்திருப்பும் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து பறவைகளைப் பற்றிப் படிக்க ரேவதி, ஜோயல் என்று இரண்டு காலேஜ் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களைக் கடலோரச் சேற்றுக் கரைக்குக் கொண்டுபோய்க் கூட்டி வரவேண்டும்.

தினம் ஒரு நேரம்

ஒரு நாள் ஏழு மணிக்கு வா என்பார்கள். மறுநாள் எட்டு, அப்புறம் ஒன்பது. எனக்குக் கடுப்பு. ஜோயல்தான் விளக்கினான். ரஷ்யாப் பக்கத்துக் குளிருக்குத் தப்பி உள்ளான் என்கிற பறவைகள் இங்கே வருகின்றன. தண்ணீர் இறங்கியிருந்தால் தூரத்துச் சேற்றில் மேயும், ஏறினால் கரையோரம் கூட்டமாக வந்து நிற்கும். அந்தத் தண்ணீர் தினமும் கொஞ்சம் பிந்தித்தான் ஏறுமாம். "அதுக்காக என் டைமையும் தள்ளிக்கிட்டே போவியா தம்பி?" என்றேன். சிரிக்காமல் பதில் சொன்னான்:

"எங்க பாஸ் கடல்தான் ஆன்டி. கெஞ்சினாலும் டைம மாத்தாது."

அப்பாவின் தூக்கம்

நான் பிள்ளைகளை இறக்கும் தமிழ்ப்பள்ளியில் ரேவதி பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்திய அன்று, வேனில் வெயில் தாங்காமல் நானும் வகுப்பின் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவை இங்கே வயிறாரத் தின்று இளைப்பாறினால்தான் திரும்பிப் போகத் தெம்பு வரும், கல் எறிந்து விரட்டக்கூடாது என்றாள். அஞ்சாம் வகுப்பு பவித்ரா கை தூக்கினாள். என் வண்டியில் முன் சீட்டு அவளுக்குத்தான். அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் வேலை.

"எங்கப்பா மாதிரி டீச்சர். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா, அம்மா எங்கள டிவிகூடப் போட விடாது லா."

காலை மட்டும்தான்

அன்றிலிருந்து ரேவதிக்கு ஒரே ஆசை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், லோரியும் வேலியும் தவிர எதையும் பார்க்காத பிள்ளைகள். தான் ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு தடவையாவது அந்தப் பறவையைக் கிட்டத்தில் காட்டிவிட வேண்டும். பள்ளியின் பெரிய டீச்சரும் நல்ல மனுஷி, பிள்ளைகளைக் கூட்டிப் போக அலைந்து திரிந்து அனுமதி வாங்கிவிட்டார். சனிக்கிழமை காலை. ரேவதி போனைத் திறந்து கடல் ஏறும் நேரத்தைப் பார்த்தாள், முகம் வாடிவிட்டது. அன்று காலையில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிக் கிடக்கும். மத்தியானத்துக்கு மாற்ற முடியுமா என்று பெரிய டீச்சரிடம் கேட்டாள்.

"காலையிலன்னுதான் பெர்மிஷன் குடுத்திருக்காங்கமா. தண்ணி இன்னும் வரலன்னு நான் போயி யாருகிட்ட சொல்றது?"

எறும்பு

போனோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு. அதற்கப்பால் வெயிலில் நடுங்கும் கறுப்புப் புள்ளிகள். ரேவதி தொலைநோக்கியை நிறுத்தி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "எறும்பா டீச்சர்?" என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். ரேவதியும் சிரித்தாள், ஆனால் கை மட்டும் அந்தக் குழாயைத் திருகிக்கொண்டே இருந்தது.

பவித்ராதான் ரொம்ப நேரம் பார்த்தாள். "தெரியுது டீச்சர், மூக்கு நீளமா, அழகா இருக்கு" என்றாள். ரேவதி அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். திரும்பும்போது முன் சீட்டில் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்த பவித்ரா, மெதுவாகச் சொன்னாள்:

"ஒண்ணுமே தெரியல ஆன்டி. டீச்சர் பாவம், சொல்லிடாதீங்க."

ஏர்போர்ட் வழியில்

அவர்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோனதும் நான்தான். ஜோயல் ஏறியதுமே தூங்கிவிட்டான். இன்னொரு நாள் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் பவித்ராவை நானே கூட்டிப் போகிறேன் என்று ரேவதியிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாளே. அதற்குள் அவளே பேசினாள்:

"மத்த பிள்ளைங்களுக்குக் காட்ட முடியல ஆன்டி. பவித்ரா ஒருத்தி பார்த்துட்டா, அந்த நிம்மதியோட போறேன்."

நான் சிக்னலைப் பார்த்தேன். அடுத்த மாதமே பவித்ரா வீட்டார் தூரத்தில் இருக்கும் சுங்கை பூலோவுக்குக் குடிபோய்விட்டார்கள்.

ஒரு வேனில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று கதவிலேயே எழுதி ஒட்டிவிடுகிறார்கள், யாரிடமும் இறக்கிவைக்க முடியாத பேச்சை எவ்வளவு ஏற்றலாம் என்றுதான் எங்கேயும் எழுதக் காணோம்.