செவ்வாப்புக்கு வைத்த சூடு

இன்று அடுப்பில் தவறி விழுந்த விரலி மஞ்சள் கருகிய வாசனையில், இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிற இடத்திலிருந்த எங்கள் தாராவி சாலின் வரிசை வீட்டுக்குப் போய்விட்டேன். தோல் கிடங்கு நாற்றமும் குழாயடி வாளிச் சத்தமும் ஓயாத அந்த ஒற்றை அறையில், பிறந்து பத்து நாளான தம்பி உடம்பெல்லாம் சிவந்து, வயிறு உப்பி, வீரிட்டுக்கொண்டே இருந்தான். தானாக மறைகிற சிவப்பு என்று எங்களுக்குத் தெரியாது. “செவ்வாப்புதான்” என்று முடிவுகட்டிய அம்மா, விரலி மஞ்சளை விளக்குச் சுடரில் காட்டியதுமே பெரியக்கா வாசலுக்கு ஓடிவிட்டாள்.

“ஏட்டி, நீ வந்து காலைப் பிடி.”

எனக்கு ஏழு வயது. மருந்து பூசத்தான் போகிறாள் என்று பிடித்தேன். கனன்ற முனையைத் தம்பியின் தொப்புளுக்கு மேலே வைத்தாள். அவன் வாய் திறந்திருந்தது, சத்தமே வரவில்லை.

“எம்மா, பிள்ளையக் கொல்லுதியே!” என்று கத்தினேன்.

அம்மா கோபப்படவில்லை. என் சட்டையைத் தூக்கி, பிறவி மச்சம் என்று நான் நம்பியிருந்த வட்டத்தில் விரலை வைத்தாள்.

“ஒனக்கும் நாந்தான் வச்சேன். செத்தா போயிட்ட?”

அன்று என் காலைப் பிடித்தது யார் என்று கேட்டேன். வாசலில் நின்ற அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.