என் தலையில் விழுந்த பைக் கடன்

மேனேஜர் சார், நீங்கள் பார்க்காமலேயே பார்த்ததாக எழுதினீர்கள்.

என் மகளுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. நான் வேலை பார்க்கும் பிம்ப்ரியில் எனக்குச் சம்பளம் போடும் வங்கியில் கல்விக் கடன் கேட்டேன். அவர்கள் என் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்தார்கள். கட்டாத பைக் கடன் ஒன்று என் பெயரில் இருப்பதாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். அது உங்கள் வங்கி கொடுத்த கடன். நான் பைக் வாங்கியதே இல்லை. வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போகிறேன்.

யாருடைய கடன் என்று உடனே தெரிந்துவிட்டது. எங்கள் ஜனத்தில் தலைப்பிள்ளைக்குக் குலசாமி பெயர்தான் வைப்பார்கள். இங்கிருந்து கொஞ்சம் தள்ளி, கோர்படியில் அதே பெயரில் எனக்கு ஒரு பங்காளி இருக்கிறான். எங்கள் அப்பாக்களின் பெயரும் ஒன்றுதான். இருவரையும் ஒரே நாளில் பள்ளியில் சேர்த்தார்கள். ஹெட்மாஸ்டர் இருவருக்கும் ஜூன் ஒன்று என்று பிறந்த தேதி போட்டுவிட்டார். வித்தியாசம் பான் நம்பரில்தான்.

ரிப்போர்ட் தரும் நிறுவனத்திடம் புகார் பதிந்தேன். அவர்கள் உங்களைக் கேட்டார்கள். ‘சரிபார்த்தோம், பதிவு சரியே’ என்று பதில் அனுப்பினீர்கள். பணம் கட்டக் கல்லூரி கொடுத்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பங்காளி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

“இன்னாடா இது, சாமி பேர வச்சதுக்குக் கூலியா? கடன் என்னுதுடா. வேலை போச்சு, கட்டல. அதுக்கு உன்ன ஏன் புடிக்கிறான்? வா, நானே வந்து சொல்றேன்.”

இருவரும் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தோம். நீங்களும் தமிழர் என்பதால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

“ரெண்டு பேரும் சொந்தம்தானே? யாராவது ஒருத்தர் கட்டிட்டா என்ட்ரி போயிடும் சார்” என்றீர்கள்.

“கல்யாணப் பந்தியா சார் இது, என் சோத்த அவன் எலைல வைக்க?” என்றான் பங்காளி. “என் வண்டி வெளிய நிக்குது. வேணும்னா எடுத்துக்குங்க. அவன விடுங்க.”

அதற்குப் பிறகுதான் பான் நம்பரைப் பார்த்தீர்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. தப்பு என்று ஒப்புக்கொண்டீர்கள். ஆனால் ரிப்போர்ட்டில் பதிவு மாறி வருவதற்குள் கல்லூரி கொடுத்த நாள் முடிந்து, சீட் வேறு யாருக்கோ போய்விட்டது.

“ஜாவூ தே பா, விட்டுடுப்பா. இங்கயே படிக்கிறேன்” என்றாள் மகள், பாதி மராத்தியில். இப்போது இங்கே ஒரு கல்லூரிக்குப் போகிறாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

உங்கள் வங்கியிலிருந்து எனக்கு வந்தது ஒரே வரி: ‘விவரங்கள் புதுப்பிக்கப்பட்டன.’ யார் தப்பு செய்தார்கள் என்று அதில் இல்லை.

உங்கள் கிளையில் வாடிக்கையாளர் கூட்டம் நடத்துகிறீர்களே, அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன். தனியாகக் கூப்பிட்டு டீ கொடுக்க வேண்டாம். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள்: எதைப் பார்த்து ‘சரிபார்த்தோம்’ என்று எழுதினீர்கள்?