வெளிர் சாம்பல் எழுத்து

போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்கு வலைத்தளம் செய்து கொடுத்தேன். தோட்டத்து வேலைக்கு மலையேறும் ஜீப்பின் நேரத்தை அதில் தினமும் பதிபவர் கடை ஊழியர் முருகேஸ்வரி அக்கா. அவர் பதியும் உள்திரை அழகாக இருக்கட்டுமென்று, ஃபில்டர் ஹூக் என்கிற சிறு நிரல்துண்டை எழுதிச் சேர்த்து, எழுத்துகளை வெளிர் சாம்பலாக்கினேன்.

ஒருநாள் அக்கா 5.30ஐ 6.30 என்று பதிந்துவிட்டார். ஜீப்பைத் தவறவிட்ட பெண்களுக்கு அன்றைய வேலை போயிற்று. "கண்ணு தெரியலையா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"ஆமா தம்பி. கண்ணாடி வாங்கிப் போட்டும் மங்கலாத்தான் இருக்கு."

அவர் எழுந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வாசல் வெயிலில் எனக்கே எதுவும் தெரியவில்லை. சத்தமில்லாமல் ஹூக்கை நீக்கினேன்.

"இப்ப பளிச்சுன்னு தெரியுதே! கண்ணாடி பழகிருச்சு போல," என்றார் அக்கா.

நானும் ஆமாமென்று தலையாட்டினேன். இன்னும் அந்தக் கண்ணாடியோடுதான் பதிகிறார்.