செஞ்சியில் இறந்த ஹாலிவுட் நடிகை

அமெரிக்க நடிகை ஒருவரை நான் கொன்றிருக்கிறேன். செஞ்சியில். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் எதை எதையோ உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மாமனாரின் குடையைத் தொலைத்தது, டிக்கெட் இல்லாமல் ரயிலேறியது... இதை மட்டும் சொன்னதில்லை. போன செவ்வாய்க்கிழமை பேப்பரின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால் இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். பழைய ஹாலிவுட் நடிகை ரூத் விண்டன் காலமானார். வயது தொண்ணூறுக்கு மேல்.

"பாவம்" என்றாள் மருமகள்.

பாவம்தான். ஆனால் அவர் இறப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை என் வாயால்.

அது யுத்த காலம். பி.ஏ. பாஸ் செய்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பியிருந்தேன். பஜார் முடிகிற இடத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ். புதுத் தமிழ்ப் படங்கள் எங்கள் ஊர் வந்து சேர மாதக்கணக்காகும். முதலாளி மலிவு விலையில் இங்கிலீஷ் படங்களைப் பிடித்துவந்து ஓட்டினார். யாருக்கு இங்கிலீஷ் புரியும்? அதற்குத்தான் நான். திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இப்போது அவன் கோபமாகப் போகிறான்... அவள் கதவைச் சாத்துகிறாள்..." என்று மைக்கில் விளக்கம் சொல்ல வேண்டும். ஊரில் என் பெயரே 'பி.ஏ.' என்றாகிவிட்டது.

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு புரொஜக்டர். ஒரு ரீல் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். படத்துக்கு ஏழெட்டு இடைவேளை! ஒவ்வொன்றிலும் தரை டிக்கெட்காரர்கள் மணலை வாரி இறைப்பார்கள்.

"யோவ் பி.ஏ., எதனா பேசுய்யா! கொட்டாயப் பிரிச்சிடுவானுங்க" என்பார் முதலாளி.

பேசினேன். சென்னையிலிருந்து கல்லூரி நண்பன் அனுப்பிய சினிமாப் பத்திரிகை ஒன்றில் ரூத் விண்டனின் வாழ்க்கை வரலாறு வந்திருந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த படத்துக்கு அவர்தான் கதாநாயகி. அந்த வரலாற்றைத் துண்டு துண்டாக்கி, இடைவேளைக்கு ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

பனி கொட்டும் சின்ன ஊர். ஊரார் துணியைத் துவைத்துக் கொடுக்கும் அம்மா. "வாசலைத் தாண்டினால் திரும்பி வராதே" என்ற அப்பா. பதினேழு வயதில் ஒரே ஒரு பெட்டியோடு ரயிலேறிய ரூத். ஹோட்டலில் தட்டு கழுவினாள். மூக்கு சரியில்லை என்று ஸ்டூடியோ வாசலில் திருப்பி அனுப்பினார்கள். பெரிய நடிகைகளுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழும் வேலை கிடைத்தது. பிறகு ஒரு வசனம். ஒரு சீன். ஒரு படம்...

நம்புவீர்களா? கூட்டம் படத்துக்கு வரவில்லை, இடைவேளைக்கு வந்தது! மூன்று நாளைக்கு என்று எடுத்த படம் பத்து நாளைத் தாண்டியது. பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் வாசலிலேயே விசாரித்தார்கள்: "மூக்கு சரியில்லன்னு தொரத்துனானே, அந்தப் பாவி இன்னா ஆனான்?"

பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்தவள் ஆரோக்கியமேரி. பத்தொன்பது வயது. எட்டாவது வரை படித்தவள். அவளுடைய அப்பா சவரிமுத்து, தன் நிலத்தில் விளைந்த மல்லாட்டையை — வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது — அவித்துக் கூடையில் வைத்து வாசலில் விற்பார். கொட்டகைக்குள் அவர் நுழைந்ததே இல்லை. ஆனால் என் குரல் லவுட் ஸ்பீக்கரில் வெளியேயும் கேட்கும். ரூத்தின் கதையை ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆரோக்கியம் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினாள். மதராஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெய்னிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை போய்ச் சேர வேண்டும்.

"நைனா இன்னா சொல்றார்?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "அந்த ரூத்துப் பொண்ணு ஊட்ட விட்டுப் போயி கடசியில இன்னா ஆவுதுன்னு பாத்துட்டுச் சொல்றாராம். கதைய சீக்கிரம் முடிங்க சார்!"

முடித்தேன்.

எனக்கு அவள்மேல் ஆசை. அதை அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அதைச் சொல்லத் தைரியமில்லாதவனுக்குக் கொலை செய்யத் தைரியம் இருந்தது — எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அன்று மாலை, நாலாவது ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. முந்தின நாள் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்த ரூத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். பத்திரிகையில் இருந்தபடி அவள் ஒன்றரை வருஷம் படுக்கையில் கிடந்து, எழுந்து, மறுபடி நடக்கப் பழகியிருக்க வேண்டும். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"ரூத் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் சொந்தபந்தம் யாரும் இல்லை. 'அப்பா பேச்சைக் கேட்டிருக்கலாமே' என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள். நீங்கள் பார்ப்பது அதற்கு முன்னால் எடுத்த படம்."

விளக்கு அணைந்தது. திரையில் ரூத் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஐயோ, செத்தவ சிரிக்கிறாளே!" என்று பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது. அவ்வளவுதான். கொட்டகை முழுக்க அழுகை. முதலாளி என் முதுகில் தட்டினார். "அமர்க்களம்யா!"

வெளியே சவரிமுத்து கூடையைத் தூக்கிக்கொண்டு மகளிடம் போனார். "கேட்டியா? இதான் நடக்கும். லெட்டரத் திருப்பி அனுப்பிடு."

அவள் அழவில்லை. மறுநாள் காலை என்னைத் தேடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"காலு ஒடஞ்சா சாவாங்களா சார்?"

"அது... ஜுரம் வந்து..."

"பக்கத்துல நல்லா பாத்துக்கற நர்சு ஒருத்தி இருந்திருந்தா பொழச்சிருப்பா இல்ல?"

நான் யாரைக் கொன்றேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் ரீல் முடிந்து விளக்கு எரிந்ததும் எழுந்து நின்றேன். "நேற்று சொன்னது பொய். ரூத் விண்டன் சாகவில்லை. நான்தான் கட்டிவிட்டேன்."

அப்புறம் மணல். கை கையாக அள்ளி வீசினார்கள். "எங்க ஊட்டுப் பொம்பளைங்க ராவெல்லாம் சோறு துன்னலடா!" "இவன் படிச்ச படிப்பக் கொண்டுபோயி கொள்ளில வையி!" கண், காது, வாய் எல்லாம் மணல். நான் பத்திரிகையைப் பிரித்து, துப்பித் துப்பிப் படித்தேன். ரூத் எழுந்தாள். கோலூன்றி நடந்தாள். கோலை எறிந்தாள். 'இனி உன்னால் முடியாது' என்ற ஸ்டூடியோவை விட்டு நாடக மேடையில் ஏறினாள். இரண்டே வருஷத்தில் அதே ஸ்டூடியோ அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த வருஷத்தின் சிறந்த நடிகை என்று பரிசு!

மணல் நின்றுபோய் வெகுநேரமாகியிருந்தது. "உசுரோட இருக்குதா!" என்று ஒரு கிழவி கத்தினாள் பாருங்கள்... விசில். கைத்தட்டல். தரையில் இருந்தவர்கள் துண்டைச் சுழற்றினார்கள். பெண்கள் பக்கத்தில் குலவையே போட்டுவிட்டார்கள். ஆபரேட்டர் அடுத்த ரீலை மாட்டிவிட்டுக் காத்திருந்தார். யாருக்கும் படம் வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் டெண்ட் துணியை விலக்கிக்கொண்டு சவரிமுத்து உள்ளே வந்தார். கூடை தலையிலேயே இருந்தது. நேராக என்னிடம் வந்து பத்திரிகையை வாங்கிக் கடைசிப் படத்தைப் பார்த்தார். மேடையில் கோப்பையோடு ரூத். முன்வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு வயசாளி.

"இவுரு யாரு?"

"ரூத்தோட அப்பா."

"திரும்பி வராதன்னாரே, அந்தாளா?"

"ஆமாம்."

"வந்துட்டாரா..." அந்தப் படத்தை விட்டு அவர் கண் நகரவில்லை. பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில்: "நேத்து ஏன் தம்பி பொய் சொன்ன?"

"ஆரோக்கியம் போயிடுவான்னு."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூஞ்சக் கழுவு. மணலு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியம் ஒரு தகரப் பெட்டியோடு நின்றிருந்தாள். பக்கத்தில் சவரிமுத்து. பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கரி அடுப்பைக் கட்டிய பஸ். அரை மணி நேரம் அடுப்பை ஊதியும் கிளம்பவில்லை. "ஆம்பளைங்கல்லாம் வந்து தள்ளுங்கப்பா!" என்று கண்டக்டர் கத்தினார். தூரத்தில் ஒளிந்து நின்றுகொண்டிருந்த நானும் போனேன்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"முந்தாநாளு புடிச்சி இழுத்தீங்க இல்ல? இப்ப நல்லா தள்ளுங்க சார்!"

தள்ளினேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் சவரிமுத்து. திடீரென்று பஸ் உறுமிக்கொண்டு பிடித்தது. நாங்கள் இரண்டு பேரும் கரிப்புகையில் குப்புற விழுந்தோம். எழுந்து பார்த்தபோது பஸ் திண்டிவனம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தோற்றதில்லை.

முதலாளி மறுநாளே அனந்தபுரம் வரை தமுக்கடித்தார்: "செத்த நடிகை பொழச்சிட்டா!" படம் இன்னும் ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் என்னை நிறுத்திவிட்டார். "நீ எது சொன்னாலும் இனிமே எவன்யா நம்புவான்?" நியாயம்தானே? அதனால்தான் பத்திரிகையில் எழுத வந்தேன்.

ஆரோக்கியமேரி நர்ஸ் ஆனாள், ஹெட் நர்ஸ் ஆனாள், மேட்ரனாக ரிட்டயர் ஆனாள். அவள் கையால் எழுந்து நடந்தவர்களுக்குக் கணக்கில்லை. கூட வேலை பார்த்த கம்பவுண்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போனேன். சவரிமுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மடித்த துண்டு.

போன செவ்வாய்க்கிழமை, பேப்பரை மடித்து வைத்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"பி.ஏ. சாரா?"

அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள்.

"ரூத்து செத்துட்டான்னு பேப்பர்ல போட்டுருக்குது" என்றாள். "இந்தத் தடவையாவது நெசந்தானா சார்... இல்ல, இதுவும் நீங்க எழுதுனதா?"